முன் சக்கரத்தில் கை வைக்காத நாள்

அவரை நான் முதன்முதலில் பார்க்கப் போனது என் வண்டியின் சீட் கிழிந்ததால்தான். ராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. ஒரு தையல் மெஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய ரெக்சின் உருளைகள், ஒரு மர ஸ்டூல். கடைக்காரர் ஒரு பெண் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. வண்டியை விட்டுவிட்டு சாயங்காலம் போனேன். சீட் அழகாகத் தைத்து மாட்டியிருந்தார். ஆனால் சாவியைத் தரவில்லை.

"அண்ணே, சீட்டுக்குக் கீழ ஒரு வயரை எலி கடிச்சிருக்கு. மொதல்ல அதச் சரி பண்ணிட்டு ஓட்டுங்க."

"தெனமும் நான் ஓட்டுற வண்டிம்மா இது. எனக்குத் தெரியாதா?"

"கண்ணுக்குத் தெரியாதுண்ணே. நானும் வெரல வச்சுத் தடவுனப்பதான் பாத்தேன். செம்பு வெளிய வந்துருச்சு."

சொன்னது உண்மைதான். பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டி டேப் சுற்றிக்கொண்டேன். ஆனாலும் என்னவோ சுருக்கென்றது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அபிராமம் பக்கம் விவசாயக் குடும்பம். ராமநாதபுரத்தில் உரக்கடை வைத்திருந்தேன். பூச்சிமருந்தை எப்படித் தெளிக்க வேண்டும் என்று நாள் முழுக்க நான் நாலு பேருக்குச் சொல்வேன், அவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு ஒருவர் சொல்லி நான் தலையாட்டுவது பழக்கமில்லாத காரியம்.

இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று நாங்கள் 'அந்தப் புள்ள' என்றுதான் சொல்வோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். வங்கியில் வேலை பார்க்கும் குமரேசன், செல்போன் கடை வைத்திருக்கும் சாகுல், நான். எங்கள் மாவட்டத்தில் மலை என்று சொல்ல ஒரு பாறைகூடக் கிடையாது. கண்மாயும் கருவேலங்காடும் உப்பளமும் தாண்டினால் கடல். அதனால்தானோ என்னவோ எங்களுக்கு மலைப் பைத்தியம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு சிறுமலை, போடிமெட்டு என்று கிளம்பிவிடுவோம். மூத்தவன் நான். எங்கே போவது, எப்போது கிளம்புவது எல்லாம் என் முடிவு. ஒரு தடவை கடையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நானும் வரலாமாண்ணே?"

அவரிடம் ஒரு பெரிய வண்டி இருந்தது. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் அக்காள்மடத்திலிருந்து தினமும் அதில்தான் கடைக்கு வந்து போவார். ஊரில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒருவர் எங்கள் கூட வருவது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாம்மா என்றேன்.

வண்டியில் ஏறுவதற்கு முன் அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. முன்னால் ஆரம்பித்து வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். சும்மா பார்த்துக்கொண்டு அல்ல, தொட்டுக்கொண்டு. முன் டயரை உள்ளங்கையால் தடவுவார். டிஸ்க்கைத் தொடுவார். கிளட்ச் வயரை மேலிருந்து கீழே விரலால் உருவுவார். செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். பின் விளக்கின் மேல் கையைக் குவித்து வைத்து, பிரேக்கை மிதித்து, கைக்குள் சிவப்பு விழுகிறதா என்று பார்ப்பார். அவசரமே இருக்காது. முதல் தடவை பார்த்தபோது குமரேசன், "கோயிலச் சுத்துற மாதிரில்ல சுத்துது" என்றான். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே அடுத்து எங்கள் வண்டிகளையும் சுற்றினார். சாகுலின் பின் டயரில் ஓர் ஆணி அகப்பட்டது.

இந்தப் பழக்கம் அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது என்று ஒரு நாள் சொன்னார். அப்பா நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போனவர். கடலில் இறங்கும் முன் படகின் ஒவ்வொரு பலகை இடுக்கையும் விரலால் தடவித்தான் போவாராம். "கடல்ல பாதியில எறங்கி நடந்து வர முடியாதுல்லண்ணே. மலையும் அப்படித்தான் தெரியுது" என்றார்.

மலைப் பயணத்துக்கு அவர் தயாராகிற விதமே தனி. போகிற வழியில் எந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார். எங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர். "செல்லு ஒடஞ்சு போச்சுன்னா தாளு பேசும்ணே" என்பார். மழைக்கோட்டை சீட்டில் கட்டுகிற கயிறு காற்றில் அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று அவரே கொக்கி வைத்த பட்டைகள் தைத்து எங்களுக்குக் கொடுத்தார். மலையடிவாரத்தில் டீக்கடையைப் பார்த்தால் நிறுத்திவிடுவார். மேலேயிருந்து இறங்கி வந்த லாரிக்காரர்களிடம் போய், மழை பெய்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்று விசாரிப்பார். பெண் ஒருத்தி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறாளே என்று அவர்களும் ஆற அமரச் சொல்வார்கள்.

அப்படி ஒரு லாரிக்காரரிடம் கற்றதைத்தான் அவர் எங்களுக்குச் சொன்னார். "எந்தக் கியருல ஏறுனமோ அந்தக் கியருலதான் எறங்கணுமாம்ணே. பிரேக்கையே புடிச்சுக்கிட்டு வந்தா சூடேறிப் போயிருமாம். நம்ம ஊருக்காரங்களுக்கு இது தெரியாது. நமக்குத்தான் எறக்கமே கெடையாதே." இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கரண்டுக் கம்பத்துக்குக் கம்பம் இருக்கிற தூரம் விட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

பயந்த பெண் என்று நினைத்துவிடக் கூடாது. எங்களில் நன்றாக ஓட்டுகிறவர் அவர்தான். வளைவில் வண்டியைச் சாய்த்து எழுப்புவதைப் பின்னால் இருந்து பார்த்தால், ஒரு சீட்டின் ஓரத்தை மெஷினில் திருப்பித் தைப்பது போலவே இருக்கும். சிறுமலையில் ஒரு திருப்பத்தில் நிறுத்தி, கீழே தெரிந்த ஊர்களையும் குளங்களையும் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். குமரேசன் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, "இருங்கண்ணே, பாத்து முடிச்சுட்டு வாரேன்" என்றார்.

போடிமெட்டுக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்த ஜீப்காரர் மேலே பனி மூடிக்கிடக்கிறது என்றார். 'அந்தப் புள்ள'யின் ஹெல்மெட் கண்ணாடியில் அன்று ஒரு கீறல். ஈரத்தில் எதிர் வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"நான் இங்கனயே இருக்கேண்ணே. நீங்க போய்ட்டு வாங்க."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதென்ன என்று நான் சத்தம் போட்டேன். அவர் வரவில்லை. நாங்கள் மூவரும் மேலே போனோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வெற்றிக் களிப்போடு இறங்கி வந்தால், அவர் டீக்கடை பெஞ்சில் அந்தக் கடைக்கார அம்மாவின் பையனுக்குப் பிய்ந்துபோன பள்ளிக்கூடப் பையைத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "மேல எப்படிண்ணே இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். கொஞ்சம்கூடப் பொறாமை இல்லை, வெட்கம் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் கெஞ்சிக்கொண்டு பின்னால் வந்திருந்தாலோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலோ எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து என் மனசுக்குள் அவருக்கும் எனக்கும் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

மேகமலைக்குப் போவதென்று முடிவானது ஒரு புரட்டாசி மாதம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஏதோ வேலையாக அவர் கடைப் பக்கம் போனேன். வழக்கம்போல என் முன் சக்கரத்தில் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"பிரேக் பேடு தேஞ்சு போச்சுண்ணே. ஏறுறதுக்கு இது போதும். எறங்குறதுக்குப் பத்தாது. மாத்திருங்க."

சரி என்றேன். மாற்றவில்லை. விதைப்புக் காலம், கடையில் கூட்டம் என்று காரணம் சொல்லலாம். அரை மணி நேர வேலை அது. நிஜமான காரணம், அவர் சொன்னதால் மாற்றக் கூடாது என்று எனக்குள் இருந்த வீம்புதான். இத்தனை வருஷம் கழித்துத்தான் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடிகிறது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் எல்லாரும் என் கடை வாசலில் கூடினோம். அவர் தன் வண்டியைச் சுற்றி முடித்து, குமரேசன் வண்டியைப் பார்த்து, சாகுல் வண்டியைப் பார்த்து, என்னிடம் வந்தார்.

"மாத்திட்டீங்களாண்ணே?"

"நேத்தே மாத்தியாச்சு."

தலையாட்டிக்கொண்டே குனிந்து கையை முன் சக்கரத்துப் பக்கம் நீட்டினார். விரல் டிஸ்க்கில் படப் போகிறது. பட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

"ஏம்மா, நான் பொய்யா சொல்றேன்? என் வார்த்தைய நம்ப மாட்டியா?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். குமரேசனும் சாகுலும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை அப்படியே நின்றது. பிறகு பின்னால் இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துபோயிருந்தது.

"ஐயோ, அப்படி இல்லண்ணே. கை பழகிப்போச்சு. தப்பா எடுத்துக்கிராதீங்க."

எனக்குத் தெரிந்து அவர் தொட்டுப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு வண்டியைத்தான், அந்த ஒரு தடவைதான்.

மேலே போனோம். ஓர் இரவு தங்கினோம். தேயிலைத் தோட்டத்துக்குள் மேகம் இறங்கி வருவதைப் பார்த்து அவர் சின்னப்பிள்ளை மாதிரி அதற்குள் நடந்து போய்த் தலை நனைந்து திரும்பி வந்தார். மறுநாள் காலையில் சின்னமனூர் பக்கமாக இறங்கினோம். முன்னால் குமரேசன், அடுத்து அவர், அடுத்து நான், கடைசியில் சாகுல்.

மூன்றாவது வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம் வந்தது. ஹாரன் அடித்து எல்லாரையும் நிறுத்தியிருக்கலாம். ஓரமாக நிறுத்திவிட்டு வண்டியைக் கீழே தள்ளிக்கொண்டுகூடப் போயிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நான் சொன்னது பொய் என்று தெரியும். இன்னும் கொஞ்ச தூரம்தான், எப்படியாவது இறங்கிவிடலாம் என்று பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனேன். அதுவும் சூடேறி வழுக்க ஆரம்பித்தது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து பஸ் ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அவர் முறையாக வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டி, இடது ஓரமாக ஒதுங்கி நின்றார். என் வண்டி நிற்கவில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே போய் அவர் வண்டியின் பின்னால் மோதினேன். அவர் வண்டியோடு சாய்ந்து ஓரத்துக் கல்லில் விழுந்தார். அவருடைய இடது கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. என் வண்டி அதன் மேல் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

சாகுல் ஓடி வந்தான். "என்னாச்சுண்ணே?"

"திடீர்னு நிறுத்திட்டாப்பா."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் சொன்ன அடுத்த நொடியே திருத்தியிருக்கலாம். அவர் கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போல ஒரு பார்வை. நான் வண்டியைத் தூக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்த வலியிலும் சாகுலிடம் தன் சட்டைப் பையில் இருந்த தாளை எடுக்கச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னார். காலை இழுக்க வேண்டாம், வண்டியைத் தூக்குங்கள் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குச் சொன்னார். எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்து காலில் கம்பி வைத்தார்கள். அவருடைய தம்பி அக்காள்மடத்திலிருந்து வந்தார். கடல் வேலை செய்கிறவர், அக்காவை விட ஐந்தாறு வயது இளையவர். ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே நடந்துச்சு?" என்று கேட்டார். நான் இரண்டாவது தடவை அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. "பஸ்ஸப் பாத்ததும் பயந்துருச்சுப்பா. மலையில அப்படி நிறுத்தக் கூடாது" என்று கூடுதலாகவும் சேர்த்தேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

நாலாம் நாள் நானும் குமரேசனும் அவரைப் பார்க்க வார்டுக்குள் போனோம்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் பெருசா இல்லையேண்ணே?" என்றார். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அன்னைக்குக் கை வச்சுப் பாத்துருக்கணும்."

குமரேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போல என்று வெளியே வந்து சொன்னான். ஆமாம் என்றேன்.

என் வண்டியின் பேடை மாற்ற, என்னை யாருக்கும் தெரியாத பரமக்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கழற்றி வெளியே எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வெறும் தகடுதான சார் இருக்கு. இத வச்சா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கடை மூடிக் கிடந்தது. ஆறேழு மாதத்துக்குப் பிறகு அங்கே ஜூஸ் கடை வந்தது. அவ்வளவு தூரம் தினமும் வந்து போக முடியவில்லை, வீட்டிலேயே தைக்கிறார் என்றார்கள். வண்டியைத் தம்பி விற்றுவிட்டாராம். எங்கள் பேச்சில் எப்போதாவது அவர் வந்தால், "என்னதான் ஓட்டுனாலும் பொம்பளப் புள்ளைகளுக்குத் திடீர்னு ஒரு பதட்டம் வந்துரும்" என்று குமரேசன் சொல்வான். நான் மறுத்துப் பேசியதில்லை. வண்டிகளைத் தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் நாங்கள் இரண்டு தடவை மலைக்குப் போனோம். பிறகு அதுவும் நின்றுபோனது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காள்மடத்துக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தம்பி வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனார். அவர் மெஷினில் படகுக்குப் போர்த்துகிற தார்ப்பாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். இடது கால் மடங்காமல் ஒரு ஸ்டூல் மேல் நீட்டியிருந்தது. தம்பி எனக்குக் கலர் வாங்கி வரக் கடைக்குப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு நான் பேடு மாத்தல."

"தெரியும்ணே."

மெஷினைவிட்டு அவர் கையை எடுக்கவில்லை. "விழுந்து கெடந்தப்ப உங்க முன் சக்கரம் என் மூஞ்சிக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. இரும்பு கருகுன வாட அடிச்சுச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேன். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாளு பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்." தார்ப்பாயை மெஷினில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, "இப்ப எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுககிட்டல்ல சொல்லணும்" என்றார்.

அதற்குள் தம்பி வந்துவிட்டார். பாட்டிலைத் துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "குடிங்கண்ணே. வெயில்ல வந்துருக்கீங்க." அவர் தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்து முடித்தும் வாய் வரவில்லை. போயிட்டு வாரேன் என்று எழுந்தேன்.

தம்பி ரோடு வரை கூட வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான், தம்பி முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றாத பேடு, சொன்ன பொய், கேட்ட சத்தம், மறுபடி சொன்ன பொய். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா சொல்லுச்சுண்ணே" என்றார். "நான் சரியாத்தான் நிறுத்துனேன்டான்னு ஒரே ஒரு தடவ சொல்லுச்சு. வண்டிய விக்கக் கொண்டு போறப்ப. நான் நம்பல. பெரிய மனுசன், அவரு பொய் சொல்லுவாரான்னு அதுகிட்டயே கேட்டேன்."

வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். நான் வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்றேன். வீட்டுக்குள் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

குமரேசனிடமும் சாகுலிடமும் அந்த வாரமே சொன்னேன். "பழைய கதைய விடுங்கண்ணே" என்றான் குமரேசன். அவ்வளவு லேசாக அவன் சொன்னது கூச்சமாக இருந்தது. மறுநாள் சாகுல் அக்காள்மடத்துக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் தம்பியே அலைந்து அக்காவுக்கு ஒரு பழைய வண்டி வாங்கிக் கொடுத்தார். இடது கால் சரியாக மடங்காததால் கியர் லீவரை ஒரு பட்டறையில் மாற்றி அமைத்தார்களாம். முதல் மூன்று மாதம் தீவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினாராம். இப்போது அவரும் தம்பியும் சாகுலும் தேவிபட்டினத்திலிருந்து இரண்டு பெண்களும் சேர்ந்து மலைக்குப் போகிறார்கள். கிளம்பும் முன் அவர் ஐந்து வண்டிகளையும் சுற்றி வருகிற வீடியோ ஒன்றை சாகுலின் செல்லில் பார்த்தேன். லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறார்.

அந்த வீடியோவைப் பார்த்த அன்று சாகுலிடம், அடுத்த தடவை நானும் வரலாமா என்று கேட்டேன்.

"அக்காகிட்டக் கேட்டுச் சொல்றேண்ணே" என்றான்.

ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். சாகுலைக் கடைத்தெருவில் அடிக்கடி பார்க்கிறேன். நின்று பேசுகிறான், கடை வியாபாரம் விசாரிக்கிறான். இதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அவன் கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.